ஃபீஃப், வஸ்ஸல், மேனர், செர்ஃப்: இடைக்கால ஐரோப்பாவின் நிலப்பிரபுத்துவச் சொற்களை எப்படிப் படிப்பது?

இடைக்கால ஐரோப்பாவின் நிலப்பிரபுத்துவச் சமூகத்தைப் புரிந்துகொள்ள எந்தெந்தச் சொற்களைத் தெரிந்திருக்க வேண்டும், ஃபீஃபுக்கும் மேனருக்கும் என்ன வேறுபாடு, வஸ்ஸலும் செர்ஃபும் ஒருவரேதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒருவரி விளக்கம் எழுதிக்கொடுத்துவிடலாம். ஆனால் அப்படி மனப்பாடம் செய்துகொண்டால் விடைத்தாள் நிரம்புமே தவிர, அந்தச் சமூகம் எப்படி இயங்கியது என்பது பிடிபடாது. இச்சொற்கள் அனைத்தும் ஒரே உறவைக் குறிப்பவை அல்ல என்பதே காரணம். ஒரு தொகுதிச் சொற்கள், குதிரையும் வாளும் வைத்திருந்த மேல்தட்டினர் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையைச் சேர்ந்தவை. மற்றொரு தொகுதி, நிலத்தை உழுது பயிரிட்டவர்கள்மீது அதே மேல்தட்டினர் செலுத்திய அதிகாரத்தைச் சேர்ந்தது. வஸ்ஸல் (ஒரு பிரபுவுக்கு ஆளாவதாகச் சத்தியம் செய்தவர்), ஹோமேஜ் (அப்படி ஆளாகும் சடங்கு), ஃபீஃப் (சேவைக்கு ஈடாகப் பெறும் வருவாய் உரிமை) ஆகியவை முதல் வட்டத்துக்கும், மேனர் (பிரபுவின் பண்ணை), செர்ஃப் (அந்தப் பண்ணையோடு பிணைக்கப்பட்ட உழவர்), கோர்வே (அவர் செய்த கூலியில்லா வேலை) ஆகியவை இரண்டாம் வட்டத்துக்கும் உரியவை. இரண்டு வட்டங்களும் தொடும் இடத்தில் பிரபு நிற்கிறார்.

பாடநூல்களில் வரும் பிரமிடு படம் இந்த வேறுபாட்டைத்தான் மறைத்துவிடுகிறது. உச்சியில் அரசர், அவருக்குக் கீழே பெரும் பிரபுக்களான டியூக்குகளும் பாரன்களும், அதற்குக் கீழே குதிரைவீரர்களான நைட்டுகள், அடியில் விவசாயிகள் என்று வரைந்தவுடன், அரசருக்கும் பாரனுக்கும் இடையே இருந்த அதே உறவுதான் நைட்டுக்கும் விவசாயிக்கும் இடையே இருந்தது என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மையில் வஸ்ஸல் சுதந்திர மனிதர். தம் விருப்பத்தைச் சொல்லி, சத்தியம் செய்து, ஒரு பிரபுவின் ஆளாகிறார். அதனால் அவருடைய கௌரவம் குறைவதில்லை, பெரும்பாலும் கூடுகிறது. செர்ஃப் எந்தச் சத்தியமும் செய்து அந்த நிலைக்கு வந்தவர் அல்லர். அந்த நிலையிலேயே பிறந்தவர்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சார்லமேன் கட்டிய பிராங்கியப் பேரரசு 843ஆம் ஆண்டு வெர்டன் உடன்படிக்கையின் மூலம் அவருடைய பேரர்கள் மூவரிடையே பிரிந்தது. வடக்கிலிருந்து வைக்கிங்குகளும், கிழக்கிலிருந்து மாகியார்களும் (ஹங்கேரியர்), தெற்கே கடல்வழியாக அரபுப் படைகளும் தாக்கிய காலத்தில், தொலைவில் இருந்த அரசரால் மக்களைக் காக்க முடியவில்லை. அருகில் கோட்டை வைத்திருந்தவரால் ஓரளவு முடிந்தது. அரசரின் அலுவலர்களாக நியமிக்கப்பட்டிருந்த கவுண்ட்டுகள் தம் பதவியையும் அதனுடன் வந்த நிலத்தையும் மெல்ல மெல்லக் குடும்பச் சொத்தாக்கிக்கொண்டனர். 877இல் கியெர்சியில், அந்தப் பேரர்களில் ஒருவரான வழுக்கைத் தலை சார்லஸ் பிறப்பித்த ஆணை, தாம் இத்தாலிக்குப் போயிருக்கும்போது இறந்துபோகும் கவுண்ட்டின் இடம் மகனுக்குப் போகும் வழக்கத்தை ஏற்றுக்கொண்டே பேசுகிறது.

இங்கே ‘பான்’ என்ற சொல் முக்கியமானது. ஆணையிடவும், தண்டிக்கவும், படைதிரட்டவும் அரசருக்கு இருந்த அதிகாரத்தின் பெயர் அது. 10, 11ஆம் நூற்றாண்டுகளில், குறிப்பாகப் பிரான்சில், இந்த அதிகாரம் கோட்டைத் தலைவர்களின் கைக்குப் போனது. நீதி வழங்குவதும் வரி வாங்குவதும் தனியார் உரிமைகளாக மாறியதை இந்த ஒரு சொல்லே காட்டுகிறது. இதற்கு எதிர்முனையில் ‘அலோட்’ என்ற சொல் நிற்கிறது. எந்தப் பிரபுவுக்கும் சேவை செய்யக் கடமைப்படாமல் ஒருவர் முழு உரிமையுடன் வைத்திருந்த நிலம் அது. தெற்குப் பிரான்சிலும் ஜெர்மானியப் பகுதிகளிலும் அலோட் நிலங்கள் நெடுங்காலம் நீடித்தன. ஆகவே எல்லா நிலமும் அரசரிடமிருந்தே கீழே இறங்கியது என்ற கூற்றை ஐரோப்பா முழுவதற்கும் பொருத்தக் கூடாது. 1066க்குப் பிறகு நார்மானியர் கைப்பற்றிய இங்கிலாந்துக்குத்தான் அது பெரும்பாலும் பொருந்தும்.

முதல் வட்டத்துக்கு வருவோம். ஒருவர் வஸ்ஸலாவது எப்படி என்பதைக் கண்ணால் பார்த்த ஒருவரே எழுதிவைத்திருக்கிறார். இன்றைய பெல்ஜியப் பகுதியிலிருந்த ஃபிளாண்டர்ஸ் நாட்டின் கவுண்ட், ‘நல்லவர்’ எனப்பட்ட சார்லஸ், 1127 மார்ச் 2ஆம் நாள், புரூஜ் நகரத்துத் தேவாலயத்தில் ஜெபித்துக்கொண்டிருந்தபோது கொல்லப்பட்டார். அவருக்கு வாரிசு இல்லை. பிரெஞ்சு அரசர் ஆறாம் லூயியின் ஆதரவோடு, இங்கிலாந்தை வென்ற வில்லியமின் பேரனான வில்லியம் கிளிட்டோ புதிய கவுண்ட் ஆனார். ஏப்ரல் மாதம் அவர் புரூஜில் வஸ்ஸல்களின் பணிவை ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சியை, அந்த நகரத்தில் எழுத்தராக இருந்த கால்பர்ட் வரிசையாக விவரிக்கிறார். தம்முடைய ஆளாக முழுமனத்துடன் விரும்புகிறாரா என்று கவுண்ட் கேட்கிறார். விரும்புகிறேன் என்று மற்றவர் பதில் சொல்கிறார். பிறகு தம் இரு கைகளையும் கூப்பி நீட்ட, கவுண்ட் அவற்றைத் தம் கைகளுக்குள் பொதிந்துகொள்கிறார். முத்தத்தால் இருவரும் பிணைக்கப்படுகிறார்கள். இதுதான் ‘ஹோமேஜ்’. அடுத்து, கவுண்ட்டுக்கு உண்மையாக இருப்பதாக வஸ்ஸல் வாக்களித்து, புனிதர்களின் திருப்பண்டங்கள்மீது கைவைத்து அதையே ஆணையிட்டு உறுதிசெய்கிறார். இது ‘ஃபீல்டி’, அதாவது விசுவாசப் பிரமாணம். கடைசியாகக் கவுண்ட் தம் கையிலிருந்த சிறு கோலால் அவர்களுக்குரிய நிலங்களையும் உரிமைகளையும் வழங்குகிறார். அது ‘இன்வெஸ்டிச்சர்’.

மூன்று செயல்களுக்கும் மூன்று வேறு பொருள்கள் உண்டு. ஹோமேஜ் ஒரு மனிதரை இன்னொரு மனிதருக்கு உரியவராக்குகிறது; ஃபீல்டி அந்தப் பிணைப்புக்குக் கடவுளைச் சாட்சியாக்குகிறது; இன்வெஸ்டிச்சர் அதற்குப் பொருளியல் அடித்தளம் தருகிறது. ஹோமேஜ் செய்யாமல் ஃபீல்டி மட்டும் செய்தவர்களும் இருந்தார்கள். இத்தாலியில் அது பரவலான வழக்கம். மண்டியிட்டுக் கைகளைக் கொடுப்பது தம் புனித நிலைக்குப் பொருந்தாது என்று கருதிய ஆயர்கள் பலர் ஃபீல்டியோடு நிறுத்திக்கொள்ள விரும்பினர். ஆயர்களுக்கு மோதிரத்தையும் கோலையும் கொடுப்பது அரசரா திருத்தந்தையா என்ற நீண்ட பூசலும் இன்வெஸ்டிச்சர் பற்றியதே. 1122இல் வோர்ம்ஸ் உடன்படிக்கையில், ஆன்மிகப் பொறுப்பின் சின்னங்களான மோதிரத்தையும் கோலையும் திருச்சபையே தரும் என்றும், நிலங்களையும் உலகியல் உரிமைகளையும் செங்கோலால் புனித ரோமானியப் பேரரசர் வழங்குவார் என்றும் முடிவாயிற்று.

புரூஜின் கதை அடுத்த ஆண்டே இந்த உறவின் மறுபக்கத்தையும் காட்டுகிறது. பலரும் கவனிக்காமல் விடும் பக்கம் அது. வில்லியம் கிளிட்டோ தாம் கொடுத்த வாக்குறுதிகளை மீறி நகரத்தாரிடம் மீண்டும் தீர்வை வசூலிக்க முற்பட்டபோது, 1128 பிப்ரவரியில் ஆல்ஸ்டைச் சேர்ந்த ஐவன் என்ற பிரபு, கெண்ட் நகரத்து மக்களின் சார்பில் அவரை நேருக்கு நேர் குற்றம்சாட்டினார். கவுண்ட் தம் சத்தியத்தை மீறினாரா என்பதை நாட்டின் பெரியோர் கூடி விசாரிக்கட்டும். மீறியவர் என்று தெரிந்தால் அவர் நாட்டை விட்டுப் போகட்டும் என்பது அவருடைய கோரிக்கை. பிணைப்பு இருபுறமும் கட்டுப்படுத்துவது, பிரபு தம் பங்கை நிறைவேற்றாவிட்டால் வஸ்ஸல் முறைப்படி அறிவித்து விலகலாம் என்ற கொள்கை இதில் அடங்கியிருக்கிறது. அந்த அறிவிப்புக்கு ‘டிஃபிடாசியோ’, அதாவது விசுவாசத்தைத் திரும்பப் பெறுதல் என்று பெயர். கிளிட்டோ விசாரணைக்கு ஒப்பவில்லை. ஃபிளாண்டர்ஸ் மக்களில் பலர் அல்சேஸ் நாட்டுத் தியரியைக் கவுண்ட்டாக ஏற்றுக்கொண்டனர். அந்தப் போரில் ஆல்ஸ்ட் முற்றுகையின்போது காயம்பட்டு 1128 ஜூலையில் கிளிட்டோ இறந்தார்.

வஸ்ஸலின் கடமைகள் எவை? தென்மேற்குப் பிரான்சின் அக்விடேன் டியூக் ஐந்தாம் வில்லியம் இதே கேள்வியைக் கேட்டபோது, சார்த்ரு நகரத்து ஆயர் ஃபுல்பர்ட் 1020ஆம் ஆண்டளவில் பதில் எழுதினார். பிரபுவின் உடலுக்குத் தீங்கு செய்யாதிருத்தல், அவருடைய இரகசியத்தையும் கோட்டைகளையும் காட்டிக்கொடுக்காதிருத்தல், அவருடைய நீதிக்கும் கௌரவத்துக்கும் ஊறு செய்யாதிருத்தல், சொத்துக்குச் சேதம் விளைவிக்காதிருத்தல், அவருக்கு எளிதானதைக் கடினமாக்காதிருத்தல், முடியக்கூடியதை முடியாததாக்காதிருத்தல் என்று அவர் தொடங்குகிறார். ஆறுமே விலக்குகள். தீமை செய்யாதிருப்பது மட்டும் போதாது, ஆலோசனையும் உதவியும் தர வேண்டும் என்பதையும், பிரபுவும் இவை அனைத்திலும் வஸ்ஸலிடம் அதேபோல் நடந்துகொள்ள வேண்டும் என்பதையும் அதன் பிறகே சொல்கிறார்.

ஆலோசனை என்பது பிரபுவின் அவையில் வந்து அமர்ந்து வழக்குகளில் தீர்ப்புச் சொல்வதையும் உள்ளடக்கியது. சமநிலையினர் கூடித் தீர்ப்பளிக்கும் வழக்கம் இங்கே வேர்கொண்டது. உதவி என்பது முதலில் போர்ச்சேவை. பல இடங்களில் ஆண்டுக்கு 40 நாள் என்று அது வரையறுக்கப்பட்டிருந்தது. அடுத்தது பணவுதவி: பிரபு சிறைப்பட்டால் மீட்புத்தொகை, மூத்த மகனுக்கு நைட் பட்டம், மூத்த மகளுக்குத் திருமணம் ஆகிய மூன்று சமயங்களிலும் வஸ்ஸல்கள் கொடுக்க வேண்டும். இங்கிலாந்தின் ஜான் மன்னர் பாரன்களுக்கு ஒப்புக்கொடுத்த 1215இன் உரிமைப் பட்டயமான மாக்னா கார்ட்டா, இந்த மூன்றைத் தவிர வேறு எதற்கும் நாட்டின் பொது ஆலோசனையின்றி உதவித்தொகை வாங்கக் கூடாது என்றது. நாடாளுமன்ற வரலாற்றில் பின்னர் பெரிதாகப் பேசப்பட்ட இந்த விதி, பிறந்தபோது பிரபுவுக்கும் வஸ்ஸலுக்கும் இடையிலான ஒரு வழக்கைப் பற்றியதே.

‘ஃபீஃப்’ என்றால் நிலம் என்று எழுதுவது பாதி விடைதான். சேவைக்கு ஈடாக வைத்துக்கொள்ளும் வருவாய் உரிமை என்பதே சரியான பொருள். பெரும்பாலும் அது நிலமாக இருந்தது. ஆனால் ஒரு பாலத்தின் சுங்கம், ஒரு சந்தையின் வரி, ஒரு பதவி, கருவூலத்திலிருந்து ஆண்டுதோறும் வரும் ஒரு தொகை ஆகியவையும் ஃபீஃபாக இருந்தன. தமிழ்ப் பாடநூல்களில் ‘நிலமானிய முறை’ என்று வருவதைப் பார்த்து, நம் ஊர்க் கோயில் மானியம்போல வரி நீக்கிக் கொடுத்த கொடை என்று எண்ணிவிட வேண்டாம். ஃபீஃப் கொடையும் அல்ல, விற்பனையும் அல்ல; கடமை நிற்கும்வரை நிற்கும் அனுபவ உரிமை.

அந்த உரிமை கொள்கையளவில் ஓர் ஆயுளுக்கு உரியது. நடைமுறையில் விரைவிலேயே பரம்பரையானது. ஒவ்வொரு வாரிசும் புதிதாக ஹோமேஜ் செய்வதோடு ‘ரிலீஃப்’ என்ற வாரிசுக் கட்டணத்தையும் கட்ட வேண்டும். வாரிசு சிறுவனாக இருந்தால், அவன் வயதுக்கு வரும்வரை நிலத்தின் வருவாயைப் பிரபுவே எடுத்துக்கொள்வார். இது ‘வார்ட்ஷிப்’ எனப்படும் காப்பாளர் உரிமை. வாரிசு பெண்ணாக இருந்தால் அவளை யாருக்கு மணம் முடிப்பது என்பதிலும் பிரபுவின் கை இருந்தது, ஏனென்றால் அவளை மணப்பவரே அந்த ஃபீஃபின் போர்ச்சேவையைச் செய்யப்போகிறவர். அக்விடேனின் வாரிசான எலினோர் 1137இல் ஏழாம் லூயியை மணந்தபோது தென்மேற்குப் பிரான்சு பிரெஞ்சு அரசரின் நேரடிக் கைக்கு வந்தது. 1152இல் அந்தத் திருமணம் செல்லாததாக்கப்பட்டு, சில வாரங்களில் அவர் பின்னாளில் இங்கிலாந்தின் இரண்டாம் ஹென்றி ஆன இளைஞரை மணந்ததும் அதே நிலம் அவர் பக்கம் போயிற்று. இந்த உரிமைகளெல்லாம் சடங்குகளாக இருக்கவில்லை; பெரும் பணம் ஈட்டித்தந்தன, அதனாலேயே பெரும் பூசல்களையும் விளைவித்தன. மாக்னா கார்ட்டா ஒரு பாரனின் ரிலீஃபை 100 பவுண்டு என்றும், ஒரு நைட்டின் ஃபீஃபுக்கு அதிகபட்சம் 100 ஷில்லிங் என்றும் கட்டிப்போட்டதும், கைம்பெண்களை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றதும் அதனால்தான்.

ஒருவருக்கு ஒரே பிரபுதான் இருந்தார் என்பதும் பிரமிடு படம் தரும் பிழையான எண்ணமே. வடகிழக்குப் பிரான்சின் ஷாம்பேன் கவுண்ட் பிரெஞ்சு அரசரிடமும், பேரரசரிடமும், பர்கண்டி டியூக்கிடமும், பல ஆயர்களிடமும் ஃபீஃப் பெற்றிருந்தார். பல பிரபுக்கள் தமக்குள் சண்டையிட்டால் வஸ்ஸல் யார் பக்கம் நிற்பது? இந்தச் சிக்கலைத் தீர்க்க உருவானதே ‘லீஜ்’ என்ற சொல். மற்றெல்லாருக்கும் முன்னதாக யாருக்குக் கடமைப்பட்டிருக்கிறாரோ அவரே லீஜ் பிரபு. ஆனால் காலப்போக்கில் ஒருவருக்கே பல லீஜ் பிரபுக்கள் வந்து சேர்ந்தனர். 13ஆம் நூற்றாண்டில் டூல் நகரத்து ஜான் என்பவர் எழுதிக்கொடுத்த ஓர் உறுதிமொழி இதை அழகாகக் காட்டுகிறது. தாம் ஷாம்பேன் சீமாட்டிக்கும் அவருடைய மகனுக்கும் லீஜ் ஆள் என்று சொல்லிவிட்டு, தம் வேறு பிரபுக்களுக்குரிய கடமைகளுக்கு அது ஊறு செய்யாது என்று அவர்களையும் பெயர்சொல்லிக் குறிப்பிடுகிறார். அவர்களில் ஒருவரான கிராண்ட்பிரே கவுண்ட் தம் சொந்த வழக்குக்காகச் சீமாட்டியோடு போரிட்டால், தாம் நேரில் கிராண்ட்பிரே கவுண்ட்டின் பக்கம் நின்று போரிடுவதாகவும், சீமாட்டியிடம் பெற்ற ஃபீஃபுக்காக அனுப்ப வேண்டிய நைட்டுகளைச் சீமாட்டியிடமே தவறாமல் அனுப்பிவிடுவதாகவும் எழுதுகிறார். அதாவது போர்க்களத்தில் தம் நைட்டுகளையே அவர் எதிர்கொள்ள நேரலாம். அவர் கண்ணில் இது முரண் அல்ல. இரண்டு ஒப்பந்தங்களையும் எழுத்துக்கு எழுத்து காப்பாற்றும் நேர்மை.

இதே சிக்கல் அரசர்களின் அளவில் நாடுகளின் தலைவிதியையே தீர்மானித்தது. இங்கிலாந்தின் அரசர் தம் நாட்டில் யாருக்கும் கட்டுப்படாதவர். ஆனால் நார்மண்டிக்கும் அக்விடேனுக்கும் பிரெஞ்சு அரசரின் வஸ்ஸல். ஜான் மன்னருக்கு எதிராக அவருடைய பிரெஞ்சு வஸ்ஸல்களான லூசின்யான் குடும்பத்தார் மேல்முறையீடு செய்தபோது, பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப் அவரைத் தம் அவைக்கு வரச்சொல்லி ஆணையிட்டார், ஜான் வரவில்லை, 1202இல் அவருடைய பிரெஞ்சு ஃபீஃபுகள் பறிமுதல் என்று தீர்ப்பாயிற்று, 1204இல் நார்மண்டி கைமாறியது. 1329இல் இங்கிலாந்தின் மூன்றாம் எட்வர்டு ஆமியனில் பிரெஞ்சு அரசர் ஆறாம் பிலிப்புக்கு ஹோமேஜ் செய்தார், ஆனால் அது லீஜ் ஹோமேஜ் என்று சொல்ல மறுத்தார். 1331இல்தான் அதை எழுத்தில் ஏற்றுக்கொண்டார். 1337இல் பிலிப் அக்விடேன் ஃபீஃபைப் பறித்ததாக அறிவித்தவுடன் நூற்றாண்டுப் போர் தொடங்கியது.

பெற்ற ஃபீஃபில் ஒரு பகுதியை வஸ்ஸல் தமக்குக் கீழே இன்னொருவருக்குக் கொடுப்பது ‘சப்இன்ஃபியூடேஷன்’. ஒரு நைட்டைக் குதிரை, கவசம், ஆயுதங்களுடன் பராமரிக்கப் போதுமான வருவாய் தரும் பகுதி ‘நைட்ஸ் ஃபீ’; இது இத்தனை ஏக்கர் என்ற நிலையான அளவு அல்ல. கீழ்நிலை வஸ்ஸலுக்கு அரசரிடம் கடமை உண்டா என்பது நாட்டுக்கு நாடு மாறுபட்டது. பிரான்சில் நெடுங்காலம் கடமை இல்லை என்பதே வழக்கு. இங்கிலாந்தில், அதை வென்ற வில்லியம் 1086இல் சால்ஸ்பரியில், யாருடைய வஸ்ஸலாக இருந்தாலும் குறிப்பிடத்தக்க நிலவுடைமையாளர் அனைவரும் தமக்கே விசுவாசப் பிரமாணம் செய்யும்படி ஏற்பாடு செய்தார். போர்ச்சேவைக்குப் பதிலாகப் பணம் கட்டும் ‘ஸ்கியூட்டேஜ்’ என்னும் கேடய வரி 12ஆம் நூற்றாண்டிலேயே வழக்கத்துக்கு வந்துவிட்டது. 1159இல் துலூஸ் படையெடுப்புக்கு இரண்டாம் ஹென்றி அதை விரிவாக வசூலித்தார். அந்தப் பணத்தில் கூலிப்படை திரட்டலாம், 40 நாளில் வீடு திரும்பிவிடும் வஸ்ஸல்களை நம்ப வேண்டியதில்லை. திருச்சபைக்கு நிலம் போய்விட்டால் பிரபுவுக்கு ரிலீஃபும் வார்ட்ஷிப்பும் என்றென்றைக்கும் போய்விடும், ஏனென்றால் மடத்துக்கு மரணம் இல்லை. அதைத் தடுக்க 1279இல் ‘மார்ட்மெய்ன்’ சட்டமும், சப்இன்ஃபியூடேஷனையே நிறுத்த 1290இல் இன்னொரு சட்டமும் இங்கிலாந்தில் வந்தன.

இனி இரண்டாம் வட்டம். முதல் வட்டத்தில் பேசப்படும் கௌரவம், சத்தியம், போர்ச்சேவை அனைத்துக்கும் உணவும் பணமும் இங்கிருந்துதான் போயின. மாணவர்களின் குறிப்பேடுகளில் இந்த வட்டத்துக்கு இரண்டு வரி ஒதுக்கப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும், ஏனென்றால் அன்றைய ஐரோப்பியரில் மிகப் பெரும்பாலோரின் வாழ்க்கை இதற்குள்ளேதான் கழிந்தது.

‘மேனர்’ என்பது ஒரு பிரபுவின் ஆட்சிக்கு உட்பட்ட பண்ணை அலகு. பிரெஞ்சு வழக்கில் ‘செய்ன்யூரி’. ஃபீஃப் என்பது பிரபு தமக்கு மேலே இருப்பவரிடமிருந்து என்ன பெற்றார் என்பதைச் சொல்கிறது. மேனர் அவர் தமக்குக் கீழே இருப்பவர்கள்மீது என்ன அதிகாரம் செலுத்தினார் என்பதைச் சொல்கிறது. ஒரே ஃபீஃபில் பல மேனர்கள் இருக்கலாம். மேனரும் கிராமமும்கூட ஒன்றல்ல. ஒரே கிராமத்தை இரண்டு மூன்று மேனர்கள் பங்கிட்டுக்கொண்டதும் உண்டு. மேனரின் நிலம் இரண்டு கூறாகப் பிரிந்திருந்தது. பிரபுவின் சொந்தச் சாகுபடிக்கு உரியது ‘டிமெய்ன்’. மற்றது விவசாயக் குடும்பங்களின் கையிலிருந்த பங்குநிலம். இந்த இருகூறு அமைப்பு மிகப் பழையது. பாரிஸ் அருகே இருந்த சாங் ஜெர்மெய்ன் டெ ப்ரே மடத்துக்காக 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட நிலப்பதிவேடு, ஒவ்வொரு குடும்பத்தையும் பெயர், மனைவி, மக்கள், நிலத்தின் அளவு, உழ வேண்டிய பங்கு, கொடுக்க வேண்டிய கோழி, முட்டை வரைக்கும் பட்டியலிடுகிறது.

உழைப்பவர்கள் அனைவரையும் ‘அடிமைகள்’ என்று எழுதிவிடுவது தவறு. பண்டைய ரோமாபுரியில் இருந்ததுபோல விலைக்கு விற்கப்பட்ட அடிமைகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. 1086இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட டூம்ஸ்டே கணக்கெடுப்பில் பதிவானவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் அந்த நிலையில் இருந்தார். அடுத்த நூற்றாண்டுக்குள் அந்த நிலை அங்கே மறைந்து, செர்ஃப்கள் என்ற பெரும்பிரிவு எஞ்சியது. இங்கிலாந்தில் அவர்களுக்கு ‘வில்லெய்ன்’ என்று பெயர். செர்ஃபுக்குக் குடும்பம் உண்டு, வீடு உண்டு, தந்தையிடமிருந்து மகனுக்குப் போகும் பங்குநிலம் உண்டு. ஆனால் மேனரை விட்டு வெளியேற உரிமை இல்லை. அந்த நிலத்தைப் பற்றிய வழக்கைத் தம் பிரபுவுக்கு எதிராக அரசரின் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது. அவர்களுக்கு அருகிலேயே, வாடகை மட்டும் கட்டிய சுதந்திர விவசாயிகளும் வாழ்ந்தார்கள். சில பகுதிகளில் அவர்களே அதிகம்.

செர்ஃபின் கடமைகளில் முதன்மையானது உழைப்பு. பிரான்சில் ‘கோர்வே’ என்றழைக்கப்பட்ட இந்தக் கூலியில்லா வேலை, இங்கிலாந்தில் இரண்டு வகையாக இருந்தது. ஏறத்தாழ 30 ஏக்கர் வைத்திருந்த வில்லெய்ன் குடும்பம் பல மேனர்களில் வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் டிமெய்னில் வேலை செய்ய வேண்டியிருந்தது, இது வாரவேலை. அறுவடைக் காலத்தில் இதற்கு மேலும் வரச்சொல்லும் வேலை ‘பூன் ஒர்க்’. இந்த நாள்களில் சாப்பாடு போடுவது பிரபுவின் பொறுப்பு. மேனர்களின் வழக்கப்பதிவேடுகள் பீர் கொடுக்கப்படும் அறுவடை நாள், தண்ணீர் மட்டும் கொடுக்கப்படும் அறுவடை நாள் என்று தனித்தனியே குறித்துவைக்கும் அளவுக்கு இதில் கறார் இருந்தது. தம் வயலின் கதிர் முற்றி நிற்கும்போது பிரபுவின் வயலில் அரிவாள் பிடிக்க நேர்ந்ததுதான் செர்ஃபுகளின் மிகப் பெரிய மனக்குறை.

உழைப்புக்கு மேலே கட்டணங்கள். மகளுக்குத் திருமணம் செய்ய ‘மெர்ச்செட்’, குடும்பத் தலைவர் இறந்தால் வீட்டின் சிறந்த மாடோ குதிரையோ ‘ஹெரியட்’டாகப் பிரபுவுக்குப் போகும், அடுத்த சிறந்த விலங்கைப் பங்குக் குருவானவர் எடுத்துக்கொள்வதும் பல ஊர்களில் வழக்கம். பிரபு விரும்பியபோது விதிக்கும் வரி ‘டேலேஜ்’. இவற்றோடு ‘பனாலிட்டே’ எனப்படும் ஏகபோக உரிமைகள்: தானியத்தைப் பிரபுவின் ஆலையில்தான் அரைக்க வேண்டும், ரொட்டியை அவருடைய அடுப்பில்தான் சுட வேண்டும், திராட்சையை அவருடைய ஆலையில்தான் பிழிய வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு கட்டணம். நான் முன்பு சொன்ன ‘பான்’ என்ற ஆணையதிகாரமே இங்கு வயிற்றுப்பாடு வரைக்கும் இறங்கி வந்திருக்கிறது.

இது எவ்வளவு ஆழமாக மக்களைத் தைத்தது என்பதற்கு இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் ஊரே சாட்சி. அவ்வூரின் பிரபு பெனடிக்டைன் மடம். மக்கள் வீடுகளில் திருகைக்கல் வைத்து மாவரைத்துக்கொள்வதைத் தடுத்து, 1330களில் மடத்துத் தலைவர் வாலிங்ஃபோர்டு ரிச்சர்டு அந்தக் கற்களைப் பறிமுதல் செய்து, மடத்தின் வரவேற்பறைத் தரையில் பதித்துவிட்டார். ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்குப் பிறகு, 1381 விவசாயிகள் எழுச்சியின்போது ஊரார் மடத்துக்குள் நுழைந்து அந்தக் கற்களைப் பெயர்த்தெடுத்தனர். துண்டுகளாக உடைத்து, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஆசீர்வதித்த ரொட்டியைப் பங்கிடுவதுபோல ஆளுக்கு ஒரு துண்டு வீட்டுக்கு எடுத்துச் சென்றனர்.

இத்தனைக்கும் நடுவில் செர்ஃபுக்கு ஒரு கவசம் இருந்தது. அதன் பெயர் ‘வழக்கம்’. இன்று மாலையில் ஒருவனுக்கு, நாளை காலையில் என்ன வேலை சொல்லப்படும் என்பது தெரியாவிட்டால் அது சுதந்திரமற்ற நிலவுரிமை என்று இங்கிலாந்தின் 13ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர்கள் அளவுகோல் வைத்தார்கள். சட்டம் அப்படிச் சொன்னாலும், நடைமுறையில் எத்தனை நாள், எந்த வேலை, எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் மேனர் நீதிமன்றத்தில் ஊர்ப் பெரியவர்கள் நினைவிலிருந்து சொல்லும் வழக்கத்தால் நிலைபெற்றிருந்தன. அந்த நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்தவர் பிரபுவின் காரியஸ்தர். ஆனால் வேலைகளை நேரில் மேற்பார்த்த ‘ரீவ்’ பெரும்பாலும் வில்லெய்ன்களுக்குள்ளேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர்.

இந்த இரு வட்டங்களையும் ஒரே படமாகக் காட்டும் முயற்சி அந்தக் காலத்திலேயே நடந்தது. லான் நகரத்து ஆயர் அடல்பெரோன் 1020களில் பிரெஞ்சு அரசர் இரண்டாம் ராபர்ட்டுக்கு எழுதிய கவிதையில், ஜெபிப்பவர்கள், போரிடுபவர்கள், உழைப்பவர்கள் என்று கடவுளின் வீடு மூன்றாகப் பிரிந்திருப்பதாகச் சொன்னார். இதுவே ‘மூன்று வகுப்புகள்’ என்று பாடநூல்களில் வருவது. சமூகத்தை உள்ளபடி விவரிப்பதைவிட, அது அப்படியே இருக்க வேண்டும் என்று வற்புறுத்துவதே அவருடைய நோக்கம். ஆனால் செர்ஃபுகளின் கண்ணீருக்கும் பெருமூச்சுக்கும் முடிவே இல்லை என்பதையும் அதே கவிதையில் அவர் ஒப்புக்கொள்கிறார். ஜெபிப்பவர்கள் என்ற வகுப்பே பெரும் நிலவுடைமையாளராகவும் இருந்ததைப் படிப்பவர்கள் மறக்கக் கூடாது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகமும் திருச்சபைக்குப் போயிற்று. மறுபுறம், உழவர்களையும் அவர்களுடைய கால்நடைகளையும் நைட்டுகள் கொள்ளையிடக் கூடாது என்று 989இல் ஷாரூ நகரத்து ஆயர்கள் கூட்டத்தில் தொடங்கிய ‘கடவுளின் அமைதி’ இயக்கமும் திருச்சபையிலிருந்தே வந்தது.

மூன்று வகுப்புக்குள் அடங்காதவர்கள் நகரத்தார். வணிகருக்கும் கைவினைஞருக்கும் பிரபுக்கள் எழுதிக்கொடுத்த உரிமைப் பட்டயம் ‘சார்ட்டர்’. தம்மைத் தாமே ஆளச் சத்தியம் செய்து கூடிய நகரத்தார் குழு ‘கம்யூன்’. பிரான்சில் லோரி என்ற சிறு ஊருக்கு ஏழாம் லூயி 1155இல் உறுதிப்படுத்திய பட்டயம், அங்கே வந்து ஓராண்டும் ஒரு நாளும் யாரும் உரிமை கோராமல் வாழ்ந்தவர் அதன்பின் சுதந்திரமாக இருக்கலாம் என்றது.

நிலப்பிரபுத்துவம் என்று நாம் மொழிபெயர்க்கும் ‘ஃபியூடலிசம்’ என்ற பொதுச்சொல் இடைக்காலத்தவர் அறியாதது. ஃபீஃப் சட்டங்களை ஆராய்ந்த பிற்கால வழக்கறிஞர்களும் 18ஆம் நூற்றாண்டுச் சிந்தனையாளர்களும் அதை உருவாக்கினார்கள். வரலாற்றாசிரியர்களான எலிசபெத் பிரவுன் 1974இலும் சூசன் ரெனால்ட்ஸ் 1994இலும், இந்த ஒரே சொல் இடத்துக்கு இடம் மாறுபட்ட வழக்கங்களை ஒரு கட்டமைப்புக்குள் திணித்துவிடுகிறது என்று வலுவாக வாதிட்டனர். நான் அந்தச் சொல்லையே கைவிட வேண்டும் என்று சொல்லமாட்டேன்; ஆனால் எந்த வட்டத்தை, எந்தப் பகுதியை, எந்த நூற்றாண்டைக் குறிக்கிறோம் என்பதைச் சொல்லாமல் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பதில் அவர்களோடு முழுவதும் உடன்படுகிறேன்.

நிலப்பிரபுத்துவத்தின் வீழ்ச்சி பற்றி எழுதும்போதும் வட்டங்களைத் தனித்தனியே பாருங்கள். முதல் வட்டம் பணத்தாலும் கூலிப்படைகளாலும் அரசர்களின் அதிகாரத்தாலும் உள்ளீடற்றுப் போனது. இங்கிலாந்தில் போர்ச்சேவை நிலவுரிமைகளும் வார்ட்ஷிப்பும் 1660இல் சட்டப்படி நீக்கப்பட்டன. இரண்டாம் வட்டத்தை மேற்கில் அசைத்தது 1347 முதல் பரவிய கொள்ளைநோய். மக்கள்தொகை சரிந்ததால் உழைப்புக்கு விலை ஏறிற்று; கூலியை உயரவிடாமல் தடுக்க இங்கிலாந்தில் 1351இல் சட்டம் இயற்றிப் பார்த்தார்கள். 1381இல் லண்டன் அருகே மைல் எண்டில் அரசரைச் சந்தித்த எழுச்சியாளர்கள் செர்ஃப் நிலையை ஒழிக்கவும், ஏக்கருக்கு நான்கு பென்ஸ் வாடகை என்று நிர்ணயிக்கவும் கேட்டனர். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது, ஆனால் அடுத்த தலைமுறைகளில் உழைப்புக் கடமைகள் வாடகையாக மாறி, மேனர் நீதிமன்றப் பதிவேட்டின் நகலை ஆதாரமாகக் கொண்ட ‘காப்பிஹோல்டு’ உரிமை வளர்ந்தது. பிரான்சில் 1789 ஆகஸ்டில் தேசிய சபை நிலப்பிரபுத்துவ அமைப்பை முழுவதும் ஒழிப்பதாக அறிவித்தபோது, ஆள்மீதான அடிமைத்தளைகளை இழப்பீடின்றி நீக்கிவிட்டு, நிலத்தின்மீதான பாக்கிகளை விவசாயிகள் பணம் கொடுத்து மீட்டுக்கொள்ள வேண்டும் என்று வைத்தது. அந்தப் பாக்கிகளும் இழப்பீடின்றி ரத்தானது 1793 ஜூலையில்தான். கிழக்கு ஐரோப்பாவில் இந்த வரிசையே தலைகீழ்: மேற்கில் செர்ஃப் நிலை தளர்ந்துகொண்டிருந்த 15, 16ஆம் நூற்றாண்டுகளில்தான் போலந்திலும் ரஷ்யாவிலும் அது இறுகத் தொடங்கியது. ரஷ்யாவில் 1861 வரை அது நீடித்தது.